முதலில் பாதீட்டைப் பாருங்கள்

பல்கலாசாரப் புரிந்துணர்வு, பூர்வகுடிகளோடு நல்லிணக்கம் என்று தலைப்பிட்ட நிதி விண்ணப்பம் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் திருப்புவது பாதீட்டுப் பக்கத்தைத்தான். திட்டச் சுருக்கத்தை ஆறுதலாகப் பார்க்கலாம். அது எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்: சமூகங்களை இணைப்போம், உரையாடலுக்குக் களம் அமைப்போம், இளையோரை முன்னுக்குக் கொண்டுவருவோம். பாதீட்டில் அந்தப் பூச்சு ஒட்டாது. மண்டபத்துக்கு எவ்வளவு, ஒலியமைப்புக்கு எவ்வளவு, பதாகைக்கு எவ்வளவு, பேச வரும் பூர்வகுடி மூத்தவருக்கு எவ்வளவு என்று எண்ணிலே எழுதியாக வேண்டும். அந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தாலே, மற்றச் சமூகத்தைக் கூட்டாளியாக நினைக்கிறார்களா, மேடை அலங்காரமாக நினைக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

ரொறன்ரோவில் தமிழ் அமைப்புகளுக்காக இப்படியான விண்ணப்பங்களை எழுதிக்கொடுத்திருக்கிறேன். நிதி வழங்கும் அமைப்பு ஒன்றுக்காக மேசையின் மறுபக்கம் இருந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் புள்ளி போட்டும் இருக்கிறேன். அங்கே கண்ட ஒரு பாதீடு இன்னும் கண்ணில் நிற்கிறது. எந்தச் சமூகத்தவர் அனுப்பியது என்பது இங்கே தேவையில்லை, எல்லாரும் செய்வதுதான். ஒலி ஒளிக்கு ஆயிரக்கணக்கில் ஒதுக்கியிருந்தார்கள். நினைவுக் கேடயங்களுக்குத் தனித் தொகை. விழாவைத் தொடக்கிவைக்க வரும் பூர்வகுடி மூத்தவருக்கு நூறு டொலர், அதுவும் ‘பரிசுப் பொருட்கள்’ என்ற தலைப்பின் கீழ். விவரணைப் பகுதியிலோ பந்திக்குப் பந்தி நல்லிணக்கம்.

இந்தப் பணம் நம் கைக்கு எந்த வழியாக வருகிறது என்பது தெரிந்தால் இந்தக் குழப்பம் ஏன் என்பதும் கொஞ்சம் விளங்கும். கனடாவின் பல்கலாசாரக் கொள்கையைப் பிரதமர் பியர் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் அறிவித்தது 1971 ஒக்ரோபர் 8இல். இருமொழி, இரு கலாசாரம் பற்றி ஆராய்ந்த அரச ஆணைக்குழு தன் அறிக்கையின் நான்காம் நூலை, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அல்லாத மற்ற இனத்தவர்களின் பங்களிப்புக்கென்றே ஒதுக்கியது. அதற்கு அரசாங்கம் கொடுத்த பதில்தான் இந்தக் கொள்கை. கலாசாரக் குழுக்களுக்கு அரசு உதவும் என்பது தொடக்கத்திலிருந்தே அதன் ஒரு பகுதி. 1988இல் அது சட்டமாகவும் வந்தது. இன்றைக்கு மரபுரிமை அமைச்சு நிகழ்வுகளுக்கும், திட்டங்களுக்கும், அமைப்புகளின் திறனை வளர்ப்பதற்கும் கொடுக்கும் பணம் இந்தக் கொடியில் காய்த்ததுதான்.

ஆனால் அதே ஆணைக்குழு, பூர்வகுடிகளின் விடயம் தன் ஆய்வுக்குள் வராது என்று முதல் நூலிலேயே ஒதுக்கிவிட்டது. வந்து குடியேறியவர்கள் தங்களுக்குள் பங்கு பேசிய ஏற்பாடு அது, வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆகவே நல்லிணக்கத்துக்கான பணம் வேறொரு பாதையால், நீதிமன்றப் படிகளேறி வந்தது. ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் பணத்தில் திருச்சபைகள் நடத்திய வதிவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் தொடுத்த வழக்குகளின் முடிவாக வந்த 2007 இணக்க ஒப்பந்தத்தில்தான் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பிறந்தது. அதற்கான 60 மில்லியன் டொலரும் அந்த ஒப்பந்தத்தின் பணமே. 2015இல் ஆணைக்குழு 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது.

இதற்கு முன்னோடி ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட யப்பானியக் கனேடியர்களைச் சொந்த வீடுகளிலிருந்து எழுப்பி, முகாம்களுக்கும் உள்நாட்டுக்கும் அனுப்பி, சொத்தையும் விற்றுவிட்டார்கள். 1988 செப்ரெம்பர் 22இல் அரசு மன்னிப்புக் கேட்டபோது, உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 21,000 டொலர் என்பதோடு நிற்கவில்லை. சமூகத்தின் கல்வி, கலாசார வேலைகளுக்கு 12 மில்லியன், இன உறவு அறக்கட்டளை ஒன்றுக்கு 24 மில்லியன் என்றும் எழுதிவாங்கினார்கள். பாதிக்கப்பட்டவர்கள் மேசையில் இருந்து பேரம்பேசி, எதற்கு எவ்வளவு என்று தாங்களே முடிவுசெய்த பணம் அது. நல்லிணக்கத்துக்கான பணம் என்றால் எனக்கு அளவுகோல் அதுதான். பேரம்பேசும் இடத்தில் யார் இருந்தார்கள்?

இப்போதைய விண்ணப்பப் படிவங்கள் பலவற்றில் இந்த இரண்டு பாதைகளையும் ஒரே பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். ‘உங்கள் திட்டம் எந்தச் சமூகங்களுக்குப் பயன்படும்?’ என்ற கேள்விக்குக் கீழே தெற்காசியர், கறுப்பினத்தவர், அராபியர், பூர்வகுடிகள் என்று பட்டியல் நீளும். அரசோடு உடன்படிக்கை செய்த மக்களை, விமானத்தில் வந்திறங்கிய எங்களோடு ஒரே வரிசையில் நிறுத்தி, சரியென்று குறியிடச் சொல்கிறது படிவம். படிவமே அப்படியென்றால், பல்கலாசார விழாவில் ஒரு பரதம், ஒரு பங்கரா, ஒரு பூர்வகுடி மேளம் என்று நிகழ்ச்சிநிரல் போடுகிறவரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் தமிழ் நிகழ்ச்சி என்றால் இப்போது, நிற்கும் நிலம் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று சொல்லும் நில ஒப்புதல் உரை கட்டாயம். கைப்பேசியைப் பார்த்து ஒரு பிள்ளை வேகமாக வாசித்துவிட்டு இறங்கும். அதில் வரும் பெயர்களுக்குப் பின்னால் கணக்குவழக்கு இருக்கிறது. ரொறன்ரோ நிலம் பற்றி 1805இல் மிசிசாகா மக்களோடு செய்த உடன்படிக்கையில் கொடுத்த தொகை பத்து ஷில்லிங். அது நியாயமில்லை என்ற கோரிக்கை 2010இல் 145 மில்லியன் டொலரோடு தீர்ந்தது. கிழக்குப் பக்கம் 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் வருகின்றன. அவற்றைச் செய்த ஏழு முதற்குடிகளின் (First Nations எனப்படும் பூர்வகுடிச் சமூகங்களின்) வழக்கு 2018இல் 1.11 பில்லியன் டொலர் தீர்வோடு முடிந்தது. காணி உறுதிக்காகக் கோட்டுப் படியேறிய குடும்பங்கள் நிறைந்த நம் சபைக்கு இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள், ஒப்புதல் உரையை ஆட்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

எங்கள் ஆட்களுக்கு நல்லிணக்கம் என்று சொன்னாலே முகம் மாறும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதியோர் சங்கம் ஒன்றில் திட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் இருந்த ஐயா ஒருவர், “நல்லிணக்கமோ? ஆரோட தம்பி?” என்றார். அவருக்கு அந்தப் பேச்சு 2009க்குப் பிந்திய இலங்கையில் கேட்டது. காணியைப் படை வைத்திருக்க, கலாசாரப் பரிமாற்றத்துக்கும் கிரிக்கெட் போட்டிக்கும் காசு வந்த காலம். 2017இல் கேப்பாப்புலவு மக்கள் காணிக்காகவும், கிளிநொச்சியில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளுக்காகவும் வீதியோரம் குந்தியிருக்க, இன்னொரு பக்கம் மண்டபங்களில் நல்லிணக்கப் பட்டறை நடந்தது. ஐயாவின் சந்தேகத்தை நான் போக்க முயலவில்லை. அந்தச் சந்தேகத்தோடு ஒரு பூர்வகுடி மூத்தவர் முன்னால் போய் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச நிறைய இருக்கும். நிதி கொடுப்பவர்கள் எதிர்பார்க்கும் இனிப்பான உரையாடல் அதுவாக இராது என்பது வேறு விடயம்.

புதிதாக வந்தவர்களுக்கும் இதில் இடமுண்டு என்று உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே சொல்கிறது. 94 அழைப்புகளில் கடைசி இரண்டும் குடிவரவாளர்களைப் பற்றியவை. புதிதாக வருபவர்களுக்கான தகவல் தொகுப்பிலும் குடியுரிமைத் தேர்விலும் உடன்படிக்கைகளும் வதிவிடப் பள்ளிகளும் வரவேண்டும் என்பது ஒன்று. குடியுரிமைச் சத்தியத்தில் உடன்படிக்கைகள் இடம்பெற வேண்டும் என்பது மற்றது. அந்தச் சத்தியம் 2021 யூனில் மாற்றப்பட்டது. அதற்குப் பிறகு குடியுரிமை எடுத்த ஒவ்வொரு தமிழரும் பூர்வகுடிகளின் உடன்படிக்கை உரிமைகளைச் சொல்லித்தான் சத்தியம் செய்திருக்கிறார். விண்ணப்பத்தில் ‘இந்தத் திட்டம் ஏன் தேவை?’ என்று கேட்கும் இடத்தில் நான் வழக்கமாக இதைத்தான் எழுதுவேன். கண்ணீர் வரவழைக்கும் பந்தியைவிட இது வேலை செய்கிறது.

இனி நடைமுறை. மத்திய அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. பணம் அந்த ஆண்டுக்குரியதென்றால் அதற்குள் செலவழித்தாக வேண்டும். முடிவுக் கடிதம் சுணங்கினால் ஓராண்டுத் திட்டம் சில மாதத் திட்டமாகச் சுருங்கும். உறவு வளர்வதற்குத் திட்டமிட்ட மாதங்கள்தான் முதலில் வெட்டுப்படும். மண்டப நாள் வெட்டுப்படாது, அதற்கு முற்பணம் கட்டியிருப்போம். இதனால்தான் விண்ணப்பம் திறக்கும் நாளில் கூட்டாளியைத் தேடத் தொடங்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஓராண்டு முன்னதாகவே போய்ப் பழகுங்கள். அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிக்குப் போய்ப் பின்வரிசையில் இருங்கள். ரொறன்ரோவில் ஸ்பதைனா வீதியில் 1962இல் தொடங்கிய பூர்வகுடி நிலையம் இருக்கிறது. பொதுமக்களுக்கான நிகழ்ச்சிகள் அங்கே நடக்கும்.

சிறிய குழுக்களை மறித்து நிற்கும் இன்னொரு வேலி பதிவுநிலை. அறக்கட்டளைகள் மற்ற அறக்கட்டளைகளுக்கும் அதற்கு இணையாகப் பதிவானவற்றுக்கும் மட்டுமே சுலபமாகப் பணம் கொடுக்கலாம் என்று வரிச்சட்டம் இருந்தது. மற்றவர்களுக்குக் கொடுத்தால், அந்த வேலையைக் கொடுத்தவரே வழிநடத்திக் கட்டுப்படுத்தியதாகக் காட்ட வேண்டும். அதாவது, பூர்வகுடி இளைஞர் குழு ஒன்றுக்கு நல்லிணக்கத்துக்கென்று காசு கொடுத்துவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே நின்று அதிகாரம் பண்ண வேண்டும் என்று சட்டமே சொன்னது! 2022 யூனில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். பணம் அறப்பணிக்குத்தான் போனது என்பதைக் கணக்கோடு காட்டினால் இப்போது பதிவில்லாத குழுவுக்கும் கொடுக்கலாம். சட்டம் மாறினாலும் பல நிதி அமைப்புகளின் படிவம் மாறவில்லை. இன்றும் ஒரு பதிவான அமைப்பைப் பொறுப்பாளராக நிறுத்திப் பணத்தை அவர்கள் கணக்கில் வாங்கவேண்டிய நிலைதான். அந்தப் பொறுப்பாளர் எடுக்கும் நிர்வாகச் செலவையும் பாதீட்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு கைக்காசு போகும்.

திரும்பவும் அந்த மூத்தவருக்கான வரிக்கு வருகிறேன், எனக்கு முக்கியமாகப் படுவது அது. மிசிசாகா மக்களும் அடங்கும் அனிஷினாபே பூர்வகுடி மக்களிடையே ஒரு மூத்தவரிடம் அறிவையோ பிரார்த்தனையையோ கேட்டுப் போகிறவர் புகையிலை கொண்டுபோவார். சிறு துணியில் முடிந்த புகையிலை. கேட்கவந்ததைச் சொல்லிவிட்டு அதை நீட்ட வேண்டும். அவர் வாங்கிக்கொண்டால் சம்மதம். கலியாண வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. சங்கத்து அம்மா ஒருவர், “அப்ப மின்னஞ்சலில கேக்கிறது மரியாதையில்லைத்தானே” என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். சிக்கல் எங்கே வருகிறதென்றால் கணக்குப் பகுதியில். புகையிலை தகுதியற்ற செலவு என்று ஒருமுறை எங்களுக்குத் திரும்பி வந்தது. சடங்குக்கான காணிக்கை என்று விளக்கக் கடிதம் எழுதித்தான் அந்தச் சில டொலர்களை வாங்கினோம்.

மதிப்பூதியமும் அப்படித்தான். பேசி முடித்த அன்றே, கையில், உறையில் கொடுப்பது முறை. பல அமைப்புகளின் காசாளர்களோ முதலில் பற்றுச்சீட்டு, சமூகக் காப்புறுதி இலக்கம், பிறகு காசோலை, அது தபாலில் வர ஒரு மாதம் என்பார்கள். எண்பது வயது மனிதர் தன் குழந்தைப்பருவத்தைத் திறந்து காட்டிவிட்டு, வெளியே போகும் வழியில் மேசையில் குனிந்து படிவம் நிரப்புவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. எவ்வளவு கொடுப்பது என்பதை அவரிடமோ அவர் அமைப்பிடமோ முன்கூட்டியே கேளுங்கள். பல அமைப்புகள் தங்கள் தொகையை எழுதியே வைத்திருக்கின்றன. அவரோடு உதவிக்கு வருபவருக்கும் ஒரு தொகை, போக்குவரத்து, தூரமென்றால் தங்குமிடம் என்று சேருங்கள். பேச்சாளராகப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரை அழைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதற்குக் குறைந்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்.

நல்லபடி செலவான பணம் ஒன்றையும் சொல்கிறேன். எங்கள் முதியோரைப் பேருந்தில் ஒன்ராறியோவில் உள்ள பிரான்ற்போர்ட் நகருக்கு அழைத்துப்போனோம். அங்கே மோஹாக் இன்ஸ்ரிரியூட் என்ற வதிவிடப் பள்ளிக் கட்டடம் நிற்கிறது. 1970இல் மூடிய பள்ளி. அதே வளவில் இருக்கும் வுட்லண்ட் கலாசார நிலையத்தை முதற்குடிகள் நடத்துகிறார்கள். 2013இல் கூரை ஒழுகத் தொடங்கியபோது, இடிப்பதா வைத்திருப்பதா என்று தங்கள் மக்களிடமே கேட்டார்கள். சாட்சியாக நிற்கட்டும் என்று அவர்கள் சொன்னதன்பேரில் திருத்தப் பணம் திரட்டினார்கள். நாங்கள் போனது திருத்த வேலைக்காக மூடுவதற்கு முன். பாதீட்டில் ‘நுழைவுக் கட்டணம், வழிகாட்டி’ என்ற வரி மற்ற எல்லா வரியையும்விடப் பெரியது. அந்தப் பணம் நேராக அவர்கள் கைக்குப் போனது. ‘மொழிபெயர்ப்பாளர்’ என்ற வரிதான் இரண்டாவது. வழிகாட்டி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஒரு பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதியவர்கள் கேட்ட கேள்விகள் எந்தக் கையேட்டிலும் இல்லாதவை. “பிள்ளையளுக்கு என்ன சாப்பாடு குடுத்தவை எண்டு கேள் பிள்ளை.” வழிகாட்டி, கூழ்போன்ற ஓட்ஸ் கஞ்சி திரும்பத் திரும்ப, அதனால்தான் பிள்ளைகள் இந்த இடத்துக்குக் கஞ்சிக் கிடங்கு என்று பட்டம் வைத்தார்கள் என்றார். “தாய் தகப்பன் வந்து பாக்கலாமோ?” “தமையனும் தங்கச்சியும் ஒரே பள்ளியில இருந்தாக் கதைக்கலாமோ?” பின்சுவர்ச் செங்கற்களில் பிள்ளைகள் கீறிவைத்த பெயர்கள் இருக்கின்றன. அதன் முன்னால் நின்று ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ஆங்கில எழுத்துத் தெரியாத ஓர் அம்மா மற்றவரிடம் கேட்டுக் கேட்டு எல்லாப் பெயரையும் வாசித்து முடிக்கும்வரை பேருந்து காத்து நின்றது.

வந்தபிறகு அறிக்கை எழுத வேண்டும். அங்கேதான் கஷ்டம். ‘எத்தனை விழுக்காட்டினரிடம் புரிந்துணர்வு அதிகரித்தது?’ என்ற கேள்விக்கு ஐந்து முகம் வரைந்த தாளை எல்லாரிடமும் கொடுத்தோம். அனைவரும் சிரித்த முகத்துக்கே குறி போட்டார்கள். விசாரித்தால், குறைத்துப் போட்டால் பேருந்து பிடித்த தம்பிக்கு மேலிடத்தில் ஏச்சு விழும் என்ற பயம். அந்த நூறு விழுக்காட்டை அப்படியே அனுப்பினோம், மகிழ்ச்சியாக ஏற்றுக்கொண்டார்கள். முதியவர்கள் அந்தப் பள்ளியில் கேட்ட மூன்று கேள்விகளையும் தனித்தாளில் எழுதி இணைத்திருந்தேன். அதைப் பற்றி எவரும் ஒரு வரி பதில் போடவில்லை. நிதி கொடுப்பவர்களில் சிலர் இப்போது எழுத்து அறிக்கைக்குப் பதிலாகத் தொலைபேசியில் பேசியே அறிக்கை எடுக்கிறார்கள். எல்லாரும் செய்தால் நல்லது.

அடுத்த திட்டத்துக்கு நாங்கள் அணுகிய பூர்வகுடி அமைப்பு, இந்த முறை முடியாது என்று சொல்லிவிட்டது. 2021இலிருந்து செப்ரெம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள் என்று மத்திய அரசின் விடுமுறை நாள். அன்றைக்குப் பேச ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடம், வங்கி, மாநகரம், சங்கம் எல்லாம் கேட்கின்றன. யூன் 21 பூர்வகுடிகள் நாளுக்கும் அதே கதை. பதில் சொல்ல அவர்களிடம் இருந்தது இரண்டொரு ஊழியர்கள். எங்களுக்கோ பணம் ஒப்புதலாகிவிட்டது, கூட்டாளி இல்லை. செயற்குழுவில் வேறு யாரையாவது பிடிப்போம் என்று சிலர் சொன்னார்கள். அது ஆள் பிடிக்கிற வேலையாகிவிடும் என்று நான் நின்றேன். திட்ட அதிகாரியை அழைத்து உள்ளதைச் சொன்னோம். அது மாகாண அளவிலான ஒரு நிதியாக இருந்ததால் காலத்தை நீட்ட முடிந்தது.

கோடையில் அவர்களே அழைத்தார்கள். பேச அல்ல. ஆடலும் மேளமுமாக நடக்கும் தங்கள் பவ்வாவ் ஒன்றுகூடலுக்கு வாகனம் நிறுத்துமிடம் பார்க்கவும் குப்பை அள்ளவும் ஆட்கள் தேவை, வரமுடியுமா என்று. இளைஞர் அணி போனது, பெற்றோல் அவரவர் காசு. எந்த விண்ணப்பத்திலும் அதற்குத் தலைப்பில்லை.

பனிக்காலத்தில் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தே எழுதினோம். அவர்கள் பக்கத்துச் செலவை அவர்களே எழுதி அனுப்பினார்கள். முதல் வரி, அவர்கள் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண்ணின் வேலை நேரம். பொது நிர்வாகச் செலவு, தகுதியில்லை என்று திரும்பி வந்தது. யார் அழைத்தாலும் முதலில் எடுப்பவர் அவர்தான், எந்த மூத்தவர் உடல்நலத்தோடு இருக்கிறார், யாரை இந்த மாதம் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும் என்று அரைப்பக்கம் எழுதி, திட்ட ஒருங்கிணைப்பு என்ற தலைப்பின் கீழ் மாற்றி அனுப்பினோம். இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டார்கள்.